தரையும் படியும் சந்திக்கும் இடங்கள்: வன்னி வீடுகளில் கவனிக்கப்படாத ஓர் ஆபத்து

வன்னிப் பெருநிலப்பரப்பின் வீடுகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை எண்ணிக்கை பற்றியவை. எத்தனை வீடுகள் அழிந்தன, எத்தனை மீளக் கட்டப்பட்டன, இன்னும் எத்தனை குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் வாழ்கின்றன என்பனவே பேசப்பட்டு வந்துள்ளன. அவ்வாறு பேசப்பட்டது தவறன்று. கூரையே இல்லாதவரிடம் தரையைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஆயினும் கூரை ஏறி, கதவு பூட்டி, குடிபுகுந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட வீடுகள் இன்று வன்னியெங்கும் உள்ளன. அவ்வீடுகளினுள் முதியோரும், காலிழந்தோரும், கர்ப்பிணிகளும், நடைபழகும் குழந்தைகளும் விழாமல் நடமாட முடிகின்றதா என்ற கேள்வியை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டதென்றே நாம் கருதுகின்றோம்.

வீட்டினுள் ஒருவர் இடறி விழுந்த இடத்தைத் தேடிச் சென்றால், அது பெரும்பாலும் அறையின் நடுவில் இருப்பதில்லை. ஒரு தரை முடிந்து இன்னொரு தரை தொடங்கும் இடத்திலேயே இருக்கின்றது. விறாந்தையின் சீமெந்து முடிந்து கூடத்தின் ரைல்ஸ் தொடங்கும் இடம், கூடத்திலிருந்து பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய அறைக்குள் இறங்கும் இடம், குசினிக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட படி, குளியலறை வாசல், கதவு நிலையின் அடிச்சட்டம் ஆகியனவே அவ்விடங்கள். கூடத்தைக் கட்டினோம், அறையைக் கட்டினோம் என்று சொல்கின்றோமே தவிர, கூடமும் அறையும் சந்திக்கும் அந்த நான்கு அங்குலத்தை எவரும் கட்டுவதில்லை. அது தானாக அமைந்துவிடுகின்றது.

கிளிநொச்சி நகருக்கு மேற்கே, இரணைமடுக் குளத்து நீர் பாயும் வாய்க்கால்களை ஒட்டி அமைந்துள்ள உருத்திரபுரத்தை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்கால் இலக்கங்களாலேயே குடியிருப்புகள் அறியப்படும் நெற்செய்கைப் பிரதேசம் இது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் நெருங்கி வந்தபோது இம்மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். மீள்குடியேற்றம் நடந்து ஊர் திரும்பியபோது பலருக்கு எஞ்சியிருந்தது கூரையற்ற சுவரும் அத்திவாரமுமே. முதலில் தறப்பாளும் தகரமும் கொண்டு கொட்டில் போட்டனர். பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தன. வடக்கு, கிழக்கில் 45,000 வீடுகளை உள்ளடக்கி 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பகுதியில், பயனாளியே பொறுப்பேற்றுக் கட்டும் முறை பின்பற்றப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, ஏறத்தாழ 550 சதுர அடி, வேலை நகர நகரக் கட்டங்கட்டமாகப் பணம் என்பதே அதன் ஒழுங்கு.

இந்த ஒழுங்கில் கட்டப்பட்ட வீட்டின் வரலாற்றை அதன் தரையிலேயே வாசிக்கலாம். முதற் பணத்தில் அத்திவாரம், பின்னர் சுவர், பின்னர் கூரை. தரை கடைசியில் வரும். அதற்குள் கையிலிருந்தது தீர்ந்திருக்கும். எனவே முதலில் கரடுமுரடான கொங்கிறீற் தளம் மட்டும் போடப்படும். அடுத்த அறுவடையில் கூடத்துக்கு மட்டும் மினுக்கிய சீமெந்து. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணத்தில், அல்லது மகளின் கலியாணத்தை முன்னிட்டு, கூடத்துக்கு ரைல்ஸ். மகனுக்கென ஓர் அறை பக்கவாட்டில் சேர்க்கப்படும். வெளியிலிருந்த குசினி வீட்டோடு இணைக்கப்படும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டினுள் நீர் புகுந்ததைக் கண்டவர்கள் அதற்குப் பின் கட்டிய பகுதியை ஓரடி உயர்த்திக் கட்டியிருப்பார்கள். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தின் விலை ஏறியபோது பாதியில் நின்ற வேலை பாதியிலேயே நின்றிருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு மேசன், வேறு அளவு, வேறு பொருள். ஒரே வீட்டில் நான்கு தரைகள் நான்கு மட்டங்களில் இருப்பதற்கு இவையே காரணம். கட்டியவர்களின் கவனக்குறைவு என்று இதனைச் சொல்லிவிடுவது நியாயமாகாது. பணம் வந்த ஒழுங்கில் வீடும் வளர்ந்தது.

முந்தைய மண்வீடுகளில் இப்பிரச்சினை இருக்கவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. தரையும், திண்ணையும், சுவரின் அடிக்குந்தும் ஒரே மண்ணால், ஒரே கையால் பிசைந்து செய்யப்பட்டன. சாணமிட்டு மெழுகும்போது தரை வளைந்து சுவராக மாறும் இடத்தில் மூட்டே தெரியாது. தேய்ந்த இடம் அடுத்த மெழுகலில் நிரம்பிவிடும். சீமெந்தும் ரைல்ஸும் அவ்வாறு தம்மைத் தாமே திருத்திக்கொள்வதில்லை. போட்ட உயரத்தில் அவை உறைந்து நிற்கும். அதனால் அவற்றின் உயரத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும்.

இங்கு ஓர் அறிவியல் உண்மையைக் கூற வேண்டியுள்ளது. மனிதன் சமதரையில் நடக்கையில் முன்னோக்கி வீசும் காலின் விரல் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயர்கின்றது என்பதை ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். மிகத் தாழ்வாகச் செல்லும் கணத்தில் அது பொதுவாக ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் மட்டுமே. நல்ல உடல்நலமுள்ளவரின் நிலையே இது. அதே வேளை, சாந்துப் படையின்றிப் பசையால் ஒட்டப்படும் ஒரு ரைலின் தடிப்பும் பசையின் தடிப்பும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் வருகின்றது. மேசன்மாரின் கணக்கில் இது ஐந்து நூலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பழைய சீமெந்துத் தரையின் மேல் புதிதாக ரைல்ஸ் ஒட்டப்பட்டுக் கதவடியில் நிறுத்தப்படும்போது உண்டாகும் மேடு, கால் விரல் சரியாகத் தட்டுப்படும் உயரத்தில் அமைந்துவிடுகின்றது.

ஆறங்குலப் படியொன்று இருந்தால் கண் அதனைக் காண்கின்றது, கால் தானாக உயர்கின்றது. ஐந்து நூல் மேட்டைக் கண் காண்பதில்லை. கண்டாலும் பொருட்படுத்துவதில்லை. ஆதலால் சிறிய மேடு பெரிய படியை விட ஆபத்தானது என்பது கேட்பதற்கு விசித்திரமாக இருப்பினும் உண்மையேயாகும்.

செயற்கைக் காலுடன் நடப்பவருக்கு இது இன்னும் கடினம். முழங்காலுக்கு மேல் காலிழந்தவர் தன் செயற்கைப் பாதத்தைக் கணுக்காலால் மேல்நோக்கி மடக்க முடியாது. இடுப்பாலேயே முழுக்காலையும் வீசித் தூக்க வேண்டும். களைத்துப்போன மாலை வேளையில் அந்த வீச்சு குறைந்துவிடும். சக்கர நாற்காலியின் முன்சில்லுகள் சிறியவை. அரை அங்குல மேட்டில் அவை முட்டி நிற்கையில், அமர்ந்திருப்பவரின் உடல் முன்னோக்கிச் சரிகின்றது. நீண்டகால நீரிழிவினால் பாதத்தில் உணர்விழந்தவர்கள் இடறியதையே சற்றுத் தாமதமாகத்தான் உணர்கின்றனர். போரில் உடலுறுப்பிழந்தோர் பலர் வாழும் மாவட்டங்களில், வயது முதிர்ந்த பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் பெருகிவரும் இக்காலத்தில், இதனை அலங்காரக் குறையாக மட்டும் கருத இயலாது.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன?

இனிமேல் கட்டவிருப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது வீட்டின் இறுதித் தரைமட்டத்தையே. இன்று போடப்போகும் சீமெந்தின் மட்டத்தை மட்டும் கணக்கிற் கொள்ளலாகாது. என்றோ ஒருநாள் ரைல்ஸ் பதிக்கும் எண்ணம் இருப்பின், அதன் மேற்பரப்பு எங்கே வந்து நிற்கும் என்பதே மட்டம். சாந்துப் படையில் பதித்தால் ரைலும் சாந்துமாக ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வேண்டும். பசையில் ஒட்டினால் ஐந்து, ஆறு நூல் போதும். அந்த அளவைக் கீழே விட்டுக் கொங்கிறீற் தளத்தை அமைக்க வேண்டும். இந்த மட்டத்தை எல்லா அறைகளுக்கும் கொண்டு செல்வதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்ரிக் குழாய் ஒன்றே போதும். இறுதித் தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் கூடத்துச் சுவரில் ஒரு கோடு கீறி, குழாயின் துணையுடன் அதே கோட்டை ஒவ்வோர் அறையின் சுவரிலும், விறாந்தைத் தூணிலும் குறித்துவிட வேண்டும். பின்னர் எந்த மேசன் எந்த ஆண்டில் வந்தாலும் அந்தக் கோட்டிலிருந்து மூன்றடி கீழே அளந்து தரையைப் போடுவார். சுவருக்குப் பூச்சுப் பூசும்போது இக்கோடு அழிந்துபோவதே வழமையான தவறு. கதவு நிலையின் பக்கவாட்டில் ஒரு சிறு ஆணியடித்து வைத்தால் அது தப்பிவிடும்.

எல்லா இடமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. விறாந்தைக்கு மழைச்சாரல் வரும். ஆகவே அது வெளிப்புறமாக அடிக்கு ஒரு நூல் வீதம் சரிய வேண்டும். குளியலறை நீர் கூடத்துக்கு வரலாகாது. இதற்காகக் குளியலறையை இரண்டங்குலம் பள்ளமாக்கிக் கட்டுவதே எமது மேசன்மாரின் வழக்கம். முதியவரோ, ஊன்றுகோல் பாவிப்பவரோ இருக்கும் வீட்டில் அவ்வழக்கத்தை விடுத்து, வாசலில் இரு தரைகளையும் சமமாக வைத்து, உள்ளே நீர்போக்கித் துளையை நோக்கி அடிக்கு இரண்டு நூல் சரிவு கொடுத்தால் நீரும் வெளிவராது, காலும் இடறாது. சரிவு சரியாக வர மேசன் சற்று மினக்கெட வேண்டியிருக்கும். அவ்வளவே.

ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகளே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், அவற்றில் செய்யக்கூடிய திருத்தங்களையும் சற்று விரிவாக நோக்குவோம்.

இரண்டு தரைகளுக்கிடையே அரை அங்குலத்துக்கு உட்பட்ட வேறுபாடு இருப்பின், உயர்ந்த தரையின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரித்துவிடுவதே போதுமானது. ஐக்கிய அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட நியமங்கள் இதற்கு ஒரு தெளிவான கணக்கைத் தருகின்றன. கால் அங்குலம் வரையுள்ள மேடு செங்குத்தாக இருக்கலாம். கால் அங்குலத்துக்கு மேல் அரை அங்குலம் வரை உள்ளது ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் சரிக்கப்பட வேண்டும். அரை அங்குலத்துக்கு மேற்பட்டது சாய்தளமாக, அதாவது ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளமாக அமைய வேண்டும். இடமில்லாத பழைய கட்டடத்தில் மூன்றங்குலத்துக்கு உட்பட்ட சிறு உயரங்களுக்கு எட்டங்குல நீளம் வரை குறைத்துக்கொள்ளவும் அந்நியமங்கள் இடமளிக்கின்றன.

சீமெந்தினால் சாய்தளம் போடுபவர்கள் ஒரு விடயத்தில் தவறுகின்றனர். சாய்தளத்தின் தாழ்ந்த முனை காகிதம் போல் மெல்லியதாக முடியும்போது அது ஒரு மாதத்திலேயே பொடிந்து உதிர்ந்துவிடும். பின்னர் அந்த உடைந்த முனையே புதிய மேடாகிவிடும். எனவே தாழ்ந்த முனை வரும் இடத்தில் பழைய தரையை அரை அங்குல ஆழத்துக்கு வெட்டி, கலவை அந்தப் பள்ளத்தினுள் இறங்கி முடியுமாறு செய்ய வேண்டும். பழைய மினுக்கிய தரையை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சீமெந்துப் பால் பூசிய பின்னரே புதிய கலவையைப் போட வேண்டும். அன்றேல் அது தனித் தகடாகக் கழன்று வரும். இவ்வேலையே வேண்டாமென எண்ணுவோர் முதிரை அல்லது பாலை மரத்தில் ஆப்பு வடிவில் ஒரு பலகையைச் செதுக்குவித்து, கதவடியில் திருகாணியால் பொருத்திக்கொள்ளலாம். வன்னியில் இம்மரங்களின் வலிமையை அறியாதவர் இல்லை. ரைல்ஸ் கடைகளில் விற்கப்படும் அலுமினியப் பட்டியும் சிறு வேறுபாடுகளுக்கு உதவும். ஆனால் இரு தரையும் சமமாக உள்ள இடத்துக்கான தட்டைப் பட்டியையும், மட்ட வேறுபாட்டுக்கான சரிந்த பட்டியையும் வேறுபடுத்தி வாங்க வேண்டும். உயரம் வேறுபட்ட இடத்தில் தட்டைப் பட்டியை அறைந்தால் அதன் விளிம்பு வெறுங்காலைக் கிழிக்கும்.

பின்னர் சேர்த்துக் கட்டிய அறையின் வாசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய வீட்டின் அத்திவாரம் தன் பாரத்தில் இறுகி அமர்ந்துவிட்டது. புதிய அறையின் அத்திவாரமோ இன்னும் சிறிது அமரும். வயலோரத்துக் களிமண் நிலமாயின் மாரியில் பொருமி, கோடையில் சுருங்கும். எனவே இரண்டும் சந்திக்கும் கோட்டில் வெடிப்பு வருவது ஏறக்குறைய உறுதி. அந்தக் கோட்டின் குறுக்கே ஒரே ரைலைப் பதித்தால் ரைல் வெடிக்கும். அவ்விடத்தில் வேண்டுமென்றே இரண்டு நூல் இடைவெளி விட்டு, இரு பக்க ரைல்ஸும் அங்கே முடியுமாறு செய்து, இடைவெளியைச் சிலிக்கோன் போன்ற இழுபடக்கூடிய பசையால் நிரப்ப வேண்டும். மேலே பட்டி போடுவதாயின் அதனை ஒரு பக்கத் தரையில் மட்டுமே பொருத்த வேண்டும். இரு பக்கமும் அறைந்தால் நிலம் அசையும்போது பட்டி நெளிந்து எழும்பிவிடும். புதிய அறைக்கு உடனடியாக ரைல்ஸ் பதிக்காமல் ஒரு மாரியும் ஒரு கோடையும் கடக்கவிட்டுப் பதிப்பதே விவேகம்.

கதவு நிலைகளுக்கு வருவோம். எமது நிலைகள் பெரும்பாலும் நான்கு பக்கச் சட்டம் கொண்டவை. அடிச்சட்டம் நிலையைச் சதுரம் குலையாமல் பிடித்து வைக்கின்றது, மாரிக்கால நீரையும் பாம்பையும் பூரானையும் ஓரளவு தடுக்கின்றது. இந்துக்களின் வீடுகளில் அது அதற்கும் மேலானது. நல்ல நேரம் பார்த்து நிலை வைத்து, மஞ்சள் பூசிக் குங்குமமிடும் வாசற்படியை மிதிக்கலாகாது என்பது தலைமுறைகளாக வந்த வழக்கம். அதை வெட்டியெறியுங்கள் என்று எவரேனும் கூறின் எந்தத் தாயும் ஒப்பமாட்டார், ஒப்ப வேண்டியதும் இல்லை. தலைவாசலில் அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டே இருபுறமும் அதன் உயரத்துக்குச் சாய்தளம் அமைக்கலாம். உள் அறைகளின் கதவுகளுக்கு இந்த வழக்கமும் இல்லை, பாம்புப் பயமும் குறைவு. அங்கு மூன்று பக்கச் சட்டமே போதும். சுவரில் பொருத்தி முடியும் வரை அடியில் ஒரு தற்காலிகச் சலாகையை அறைந்து வைத்தால் சதுரம் குலையாது.

நிலையின் கால்களைப் பற்றியும் ஒரு சொல். பின்னர் ரைல்ஸ் பதிக்கும்போது நிலைக்கால் தரைக்குள் ஓரங்குலம் புதைந்துவிடுவதுண்டு. தரை கழுவும் நீர் அந்த இடுக்கில் தேங்கி மரம் உக்கும். கறையானுக்கும் அது வாசலாகும். மரத்துக்கும் ரைலுக்கும் இடையே ஒரு நூல் இடைவெளி விட்டுச் சிலிக்கோன் நிரப்புவது எளிய பரிகாரம். தரை உயர்ந்தமையால் கதவின் அடி உரசும். அதற்காகச் சீவுளியால் சீவும்போது வெட்டுமுகத்தைப் பூச்சுப் பூசாமல் விட்டுவிட்டால் அவ்வழியே ஈரம் ஏறும். இச்சிறு வேலையை ஓடாவியார் செய்யட்டும் என மேசனும், மேசன் செய்யட்டும் என ஓடாவியாரும் விட்டுவிடுவதைப் பல வீடுகளிற் காண்கின்றோம்.

சுவரடியில் ஓடும் மூன்று, நான்கு அங்குலப் பட்டியை நம் மேசன்மார் ஸ்கேட்டிங் என்பர். தரை துடைக்கும் நீரிலிருந்து சுவர்ப் பூச்சைக் காப்பதே அதன் தொழில். இரு மட்டத் தரைகள் சந்திக்கும் இடத்தில் இப்பட்டியின் மேல்விளிம்பு திடீரென ஏறி இறங்குவது பார்வைக்கு ஒவ்வாது. அங்கு பட்டியைக் கதவு நிலையிலோ சுவர் மூலையிலோ முடித்துவிட்டுப் புதிய மட்டத்தில் மீளத் தொடங்குவதே நேர்த்தி. நிலையை விடப் பட்டி தடிப்பாயின் அதன் முனையைச் சரித்துத் தேய்த்துவிட வேண்டும். குழந்தைகளின் கணுக்கால்கள் அந்தக் கூர்முனையில்தான் அடிபடுகின்றன.

படிகளைப் பொறுத்தவரை விதி ஒன்றே ஒன்றுதான். எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். முதலிரு படிகளில் ஏறும்போதே கால் அந்த உயரத்தைப் பழகிவிடுகின்றது. மூன்றாவது படி மூன்று நூல் மாறினாலே உடல் தடுமாறும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளொண்டல் 17 ஆம் நூற்றாண்டிலேயே படியின் உயரத்தின் இருமடங்கையும் அதன் அகலத்தையும் கூட்டினால் ஒரு காலடி நீளத்துக்குச் சமனாக வேண்டும் எனக் கணக்கு வகுத்தார். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 24, 25 அங்குலம். ஆறரை அங்குல உயரமும் பதினோர் அங்குல அகலமும் கொண்ட படி இக்கணக்குக்கு இசைவானது.

வன்னி வீட்டின் முகப்பில் இருப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று படிகளே. அவை சமமாகக் கட்டப்பட்டிருந்தாலும் சமமாக நிலைப்பதில்லை. மாரி மழையில் கூரைத்தண்ணீர் விழுந்து படியடி மண் அரித்துச் செல்ல, ஆறரை அங்குலமாக இருந்த முதற்படி சில ஆண்டுகளில் ஒன்பது, பத்து அங்குலமாகிவிடும். மண் நிரப்பினால் அடுத்த மழையில் மீண்டும் போகும். படியடியில் மூன்றடி அகலத்துக்குச் சல்லி பரவிக் கொங்கிறீற் தளம் ஒன்றைப் போட்டுவிடுவதே நிலையான தீர்வு. மேற்படியிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். விறாந்தைக்கு ரைல்ஸ் பதித்துப் படிகளைப் பழையபடி விட்டால், கடைசிப் படியின் உயரம் ரைலின் தடிப்பளவு கூடிவிடும். ரைல்ஸ் பதிப்பதாயின் விறாந்தைக்கும் படிகளுக்கும் சேர்த்தே பதிக்க வேண்டும். படி மூக்கில் வெட்டிய ரைலின் கூர்விளிம்பைத் தேய்த்து உருட்ட வேண்டும். கண்புரையுள்ளவர்கள் ஒவ்வொரு படியின் முடிவையும் அறிவதற்கு, ஓரத்தில் இரண்டங்குல அகலத்தில் வேறு நிறத்துப் பட்டியொன்று பேருதவியாகும்.

மினுமினுப்பான ரைலைப் படியிலும் விறாந்தையிலும் பதிக்கும் மோகத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். ஈரக்காலுக்கு அது பனிக்கட்டிக்கு ஒப்பானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ இரு தசாப்தங்களின் பின் நாச்சிக்குடா, நீராவிப்பிட்டி போன்ற தம் ஊர்களுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும் இதே வீட்டுத்திட்டங்களிலும் சொந்தப் பணத்திலும், பழைய சுவரோடு புதிய அறை சேர்த்துக் கட்டியவர்களே. சுபஹ் தொழுகைக்காக விடியுமுன் எழுந்து வுழூச் செய்துவிட்டு ஈரப்பாதத்துடன் மங்கிய வெளிச்சத்தில் உள்ளே வரும் முதியவரும், கிணற்றடியில் கால்முகம் கழுவிவிட்டுச் சுவாமியறைக்குச் செல்லும் முதியவரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான். நீர் பாவிக்கும் இடத்திலிருந்து முதல் மூன்று, நான்கு அடித் தூரத்துக்காவது சொரசொரப்பான ரைலையோ, தும்புத்தடியால் கோடிழுத்த சீமெந்தையோ இடுதல் நன்று. இரு சமூகத்தாரும் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி விடுகின்றோம். விசேட நாட்களில் படியின் பாதி அகலம் செருப்புகளாலேயே நிறைந்துவிடும். படிக்குப் பக்கத்தில் செங்கல்லால் ஒரு சிறு திட்டுக் கட்டிச் செருப்புக்கென ஒதுக்கினால் படி படியாகவே இருக்கும்.

வெள்ளத்தை முன்னிட்டு வீட்டை உயர்த்துவோர் வாசலின் உயரத்தையும் எண்ண வேண்டும். நிலத்திலிருந்து பதினெட்டு அங்குலம் உயர்ந்த விறாந்தைக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சாய்தளம் அமைக்கப் பதினெட்டு அடி நீளம் தேவை. கொழும்பில் இதற்கு இடமிராது. உருத்திரபுரத்து வளவுகளில் தாராளமாக உண்டு. நேராக நீட்டாமல் வீட்டுச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டாகவும் கொண்டு செல்லலாம். மேல்முனையில் கதவைத் திறந்து மூடுவதற்கு ஐந்தடிச் சமதளமும், இரு ஓரங்களிலும் சில்லு விழாதிருக்க மூன்றங்குலக் கட்டும் அவசியம். நெல் மூடையைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்கும் இச்சாய்தளம் பயன்படுமென்பதால் விவசாயக் குடும்பத்துக்கு இது வீண்செலவாகாது.

சட்டம் இவ்விடயத்தில் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2006 இல் ஆக்கப்பட்ட அணுகல்வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களையே கருத்திற் கொண்டவை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதிப்படுத்தியது. ஆயினும் பிரதேச செயலகத்தில் சாய்தளம் இருந்தும் தன் வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவர் அங்கு செல்வது எங்ஙனம்? தனியார் வீடுகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டுமென நாம் கோரவில்லை. கரைச்சிப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்கள் வீட்டு வரைபடத்தை அங்கீகரிக்கும்போது, ஒவ்வோர் அறையினதும் இறுதித் தரைமட்டம் குறிக்கப்பட்டுள்ளதா என ஒரு தடவை பார்க்கலாம். வீடமைப்புக் கடனோ உதவியோ வழங்கும் நிறுவனங்கள், கூரை வேலைக்கான பணத்தை விடுவிக்கும்போது சுவரில் அந்த மூன்றடிக் கோடு உள்ளதா எனத் தொழினுட்ப உத்தியோகத்தர் மூலம் சரிபார்க்கலாம். இதற்குப் புதிய நிதியொதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

ஏற்கெனவே குடியிருப்போர் ஒரு மாலை நேரத்தில் நான்கடி நீளமான நேர்சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவடியிலும் இரு தரைக்கும் குறுக்காக வைத்துப் பார்க்கலாம். சட்டத்தின் அடியில் சுண்டுவிரல் நுழையுமானால் அவ்விடம் திருத்தப்பட வேண்டியதே. ஒரு கதவடிக்கு ஒரு சிறு வாளிக் கலவையும் அரைநாள் வேலையும் போதும். போட்ட கலவையை ஏழு நாட்கள் ஈரச்சாக்கால் மூடி நனைத்து வைக்க வேண்டும். அந்த ஏழு நாட்களுக்கும் வீட்டிலுள்ள முதியவரின் படுக்கையை, அக்கதவைத் தாண்டாமலே குளியலறைக்குச் செல்லக்கூடிய பக்கத்துக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.